சாந்தாமணி டிரைவிங் ஸ்கூலின் இரண்டு பிரேக்குகள்

மில் கேட் வீதியில் ஒரு மாசத்துக்கு மேலாக இட்லி மாவு புளிக்கவில்லை. உறை ஊற்றிய பால் தயிராகவில்லை, திங்கட்கிழமை வாங்கிய மல்லிகை மொட்டு வியாழக்கிழமையும் மொட்டாகவே கிடந்தது, மூன்றாம் நம்பர் வீட்டில் வெட்டித் தொங்கவிட்ட வாழைத்தார் பச்சையாகவே தொங்கி அந்த வீட்டுக்காரரின் பொறுமையைச் சோதித்தது, சின்னப் பிள்ளைகளுக்கு ஆடிக்கொண்டிருந்த பால் பல் ஆடிக்கொண்டே இருந்தது. வெளியூரிலிருந்து ஒறம்பரை, விருந்தாளி என்று வந்தவர்கள் "இதென்னங்க கூத்து?" என்று கேட்டால், வீதிக்காரர்கள் அவர்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சாந்தாக்கா வண்டி பிரேக்குல நிக்குதுங்க, அதான்" என்று சொல்லி அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்த வண்டி எழுபத்திரண்டு மாடல் ஃபியட். வெள்ளை நிறம், ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட்டு, கூரைமேல் 'சாந்தாமணி டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்கு மட்டும்' என்று ஒரு தகரப் பலகை. கற்றுக்கொடுக்கிற வண்டி என்பதால் அதில் பிரேக் மிதி இரண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, இடதுபக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் ஒன்று. அந்த இடதுபக்க மிதிமேல் சாந்தாமணி இருபத்தாறு வருஷம் காலை வைத்திருந்தாள். வீதியில் இன்றைக்கு ஜம்மென்று கார் ஓட்டிப்போகிற பெண்கள் அத்தனை பேரும் ஒரு காலத்தில் லாரியையோ எருமையையோ வெறும் சுவரையோ பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு அலறியவர்கள்தான், அவர்கள் அலற அலற, இவள் அலறாமல் அந்த மிதியை அழுத்தி அத்தனை பேரையும் உயிரோடு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அவளிடம் கற்றுக்கொண்ட ஒரே ஆம்பிளை அவள் புருஷன் நாச்சிமுத்து. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியின் கடைசி நட்டுவரை கழற்றி மாட்டத் தெரிந்த மனுஷனுக்கு அதை ஓட்டத்தான் வரவில்லை. ஒன்பது மாசம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனபோது, "இந்த ஆளுக்குக் குடுத்துராதீங்க சார், ஊரு தாங்காது" என்று பெண்டாட்டியே சொல்லி ஃபெயிலாக்க வைத்தாள் என்பது வீதி முழுக்கத் தெரிந்த கதை. அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார்.

அந்தச் சாந்தாமணிக்குத்தான் கணையத்தில் கட்டி வந்தது. சித்திரையில் வயிற்றுவலி என்றாள், ஆடியில் ஆஸ்பத்திரியில் படுத்தாள், புரட்டாசியில் டாக்டர் நாச்சிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து நாள் இருப்பார்கள் என்றார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளைத் தூக்கி வண்டியின் இடதுபக்கம் உட்காரவைத்து, தலைக்குத் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, லைசென்ஸ் இல்லாத மனுஷன் தானே நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்.

சத்தி ரோட்டில் ஒரு தண்ணி லாரி திடுதிப்பென்று குறுக்கே திரும்பியது. மனுஷன் ஜென்மத்தில் முதல்முறையாகச் சரியான நேரத்தில் பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டே வந்தவளின் சத்தமும் நின்றது. போய்விட்டாள் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தால், அவள் நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஏனுங் மாமா, வலி நின்னுபோச்சுங்."

"என்ன சாந்தா சொல்றே?" என்று பதறிப்போய்க் காலை எடுத்தார். வண்டி நகர்ந்தது, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள். அழுத்தினார், நிமிர்ந்தாள். விட்டார், மடங்கினாள். மறுபடி அழுத்தினார். பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன்மேலேயே படுத்துவிட்டான்.

"எத்தனை வாட்டி சோதிச்சுப் பாப்பீங்க? நான் என்ன எலியா?" என்று சாந்தாமணி அதட்டினாள். "பேசாம ஊட்டுக்கு ஓட்டுங்க. அங்க போயி அழுத்திக்கலாம்."

வீட்டு வாசலில் புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அவளை உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, அவர் வெளியே வந்து மிதியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். அழுத்தியிருக்கும்வரை அவளுக்கு வலியில்லை, நோய் நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள், டிவி பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியின் புது மருமகளைப் பற்றிக்கூடப் பேசினாள். அம்மிக்கல்லைத் தூக்கி மிதிமேல் வைத்துப் பார்த்தார்கள், கட்டையை அறுத்து சீட்டுக்கும் மிதிக்கும் நடுவே முட்டுக்கொடுத்துப் பார்த்தார்கள், அதற்கெல்லாம் வண்டி நின்றதே தவிர வலி நிற்கவில்லை. மனுஷக் கால்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் நாச்சிமுத்துவின் கால் மரத்து, தொடையெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு ஜோதிமணி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். வீட்டிலேயே மாவாட்டி வீதிவீதியாக விற்கிறவள், சாந்தாமணியிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு அந்த வியாபாரத்துக்கே ஒரு சின்ன வண்டி வாங்கியவள். கேட்கவுமில்லை கொள்ளவுமில்லை, அக்காவின் மிதிமேல் காலை வைத்து அழுத்தினாள்.

"நீங்க எந்திரிங்ணா. அக்காளுக்கு எப்படி இருக்குதுன்னு போயிப் பாருங்க."

அவர் பயந்து பயந்து காலை எடுத்தார். உள்ளேயிருந்து சாந்தாமணியின் குரல் வந்தது. "ஒண்ணுமில்லீங் மாமா, நல்லாத்தான் இருக்கறேன். யாரு, ஜோதியா? குதிகாலத் தரையில ஊனிக்கச் சொல்லுங்க, இல்லீன்னா அவளுக்குக் கெண்டை பிடிச்சுக்கும்."

அன்றிலிருந்து அந்த வீதிக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. தண்ணி பிடிக்கப் போகிறேன், பால் வாங்கப் போகிறேன் என்கிற மாதிரி, "பிரேக் பிடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். யார் எப்போது என்று எழுதிய தாள் கேட்டில் தொங்கியது. ஒருத்தி வெங்காயம் உரித்துக்கொண்டே பிடித்தாள், ஒருத்தி ஆன்லைன் மீட்டிங்கில் பேசிக்கொண்டே பிடித்தாள், ரெண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் இருவர் பிடி மாற்றிக்கொள்கிற நேரத்தில் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்காரவேண்டி வந்து, நாலாம் நாள் "கால எடுக்கட்டுமா?" என்று பேச ஆரம்பித்து, ஏழாம் நாள் குழம்பு மாற்றிக்கொண்டார்கள்.

பிடியும் நாளுக்கு நாள் அகலமானது. முதலில் அவளை மட்டும் பிடித்தது, பிறகு வீட்டைப் பிடித்தது, பிறகு வீதி முழுக்க எது ஒன்று மாறவேண்டுமோ அதையெல்லாம் பிடித்து நிறுத்தியது. ஜோதிமணியின் மாவு புளிக்காமல் போனது இப்படித்தான். அவள் தலையிலா அடித்துக்கொண்டாள்? இல்லை. மாவுக் குண்டான்களை வண்டியில் ஏற்றி ரெண்டு வீதி தள்ளி அவள் நாத்தனார் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்துப் புளிக்கவைத்து எடுத்துவந்தாள். மற்றவர்களும் தயிருக்கு உறை ஊற்றி அங்கேயே அனுப்பினார்கள். ஒன்பது மாசக் கர்ப்பிணி ஒருத்தியை முன்கூட்டியே அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கடைசி வீட்டில் தொண்ணூற்றிரண்டு வயசுப் பெரியவர் ஒருவர் எப்போதோ போயிருக்க வேண்டியவர், கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும், எனக்கென்ன அவசரம்?" என்று சொல்லி அனுப்பினார். சாந்தாமணி அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள், சிரித்தும் அந்த வயிறு வலிக்கவில்லை.

ஆனால் மூன்றாம் நாளே ஒரு சங்கடம் தெரிந்துபோயிருந்தது. வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது, சக்கரம் ஓர் அங்குலம்கூடச் சுற்றவில்லை, ஆனாலும் முன்சக்கரங்களின் பிரேக் டிரம் சுட்டது. கண்ணுக்குத் தெரியாத எதையோ அது பிடித்துக்கொண்டிருந்தது அல்லவா, அந்தச் சூடு. நாற்பது நிமிஷம் ஆனதும் மிதி கொழகொழவென்று உள்ளே போகும், உள்ளே சாந்தாமணி அலறுவாள். பத்து நிமிஷம் ஆறவிட்டால்தான் மறுபடி பிடிக்கும். அந்தப் பத்து நிமிஷம் அவள் வாயில் துணியைக் கடித்துக்கொள்வாள், நாச்சிமுத்து டிரம்மின்மேல் விசிறியால் விசிறிக்கொண்டு அழுவார்.

வண்டிக்கு வாடிக்கையாக வேலை பார்க்கிற மெக்கானிக் ஸ்டீபன் வந்து குனிந்து பார்த்தான்.

"டிரம்முங்கறது மூடி போட்ட சட்டிங்ணா. சூடு வெளிய போறதுக்கு வழியில்லை. முன்னாடி ரெண்டு வீலுக்கும் டிஸ்க் மாத்திரலாம். டிஸ்க்கு வெளிய காத்தாடக் கெடக்கும், சூடு நிக்காது. நல்ல சாமானா பாத்துப் போட்டோம்னா நாள் பூரா பிடிக்குமுங்ணா."

நாள் பூரா! அந்த வார்த்தையை நாச்சிமுத்து பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மனுஷன் வேறு எதையும் நினைக்கவில்லை. பெண்கள் மாற்றி மாற்றிப் பிரேக்கைப் பிடிக்க, அவர் காலையில் கிளம்பினால் உக்கடம் பழைய இரும்புக் கடைகள், காந்திபுரம் ஸ்பேர் கடைகள், தெரிந்தவர்களின் லேத் பட்டறைகள் என்று அலைந்துவிட்டுப் பொழுது சாயத்தான் திரும்புவார். அந்த வயசு வண்டிக்கு டிஸ்க் என்று ரெடிமேடாக எதுவும் கிடையாது. வேறு வண்டியின் சாமானை இதற்கு ஒத்துவரும்படி செய்யவேண்டும்.

பெரிய டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஃபியட்டின் பதினாலு இஞ்சு சக்கரத்துக்குள் அது அடங்கினாலும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் சக்கரத்தின் உள்விளிம்பில் உரசும். கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி, சக்கரத்துக்குள் வைத்துப் பார்த்து, ஒரு நூலளவு இடம் மிஞ்சுகிற அளவில் ஒரு சின்னக் காரின் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தார். காலிப்பருக்கு உக்கடத்தில் பழசு ஒன்று கிடைத்தது. ஸ்டீபன் அதைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான்.

"பிஸ்டன் துருப்பிடிச்சிருக்குதுங்ணா. இது பிடிச்சா விடாது."

"விடாட்டி நல்லதுதானப்பா?"

ஸ்டீபன் அதைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தான். "புதுசே வாங்கிக்கலாமுங்ணா" என்று மட்டும் சொன்னான்.

மிதியை லேசாக்குவதற்கு பூஸ்டர் என்று ஒன்று உண்டு. எல்லா ஸ்பேர் கடையிலும் அதைப் போடச் சொன்னார்கள். ஆனால் அந்த உருண்டையை வைக்கிற இடத்தில்தான் இரண்டாவது மிதியின் கம்பி போகிறது. பூஸ்டர் வேண்டுமென்றால் சாந்தாமணியின் மிதியைக் கழற்ற வேண்டும்.

"கழட்டிருங்க, லேசா தொட்டாப் போதும், நிக்கும்" என்றார் காந்திபுரம் கடைக்காரர்.

"அது ஆகாதுங்க. ஆளு மாத்தறப்போ ஒரு செகண்டு விட்டாலும் அவ துடிச்சுப்போவா."

"பூஸ்டர் இல்லாத டிஸ்க்கு கல்லாட்டம் இருக்குமுங்க. கால் கழண்டுரும்."

"கழண்டாக் கழண்டுட்டுப் போகுது" என்றார் நாச்சிமுத்து. கடைக்காரர், மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் சின்னத் துவாரம் உள்ளது ஒன்றை எடுத்துக் கொடுத்தார், அதைப் போட்டால் மிதி கொஞ்சம் இளகும் என்றார். ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் நெடுநேரம் அழுத்தினால் உப்பும் என்பதால் இரும்புக் கம்பி பின்னிய ஹோஸ். டிஸ்க்கைக் கவ்வுகிற பேடில் ரெண்டு ரகம், கெட்டியானது நாள்பட உழைக்கும், மெதுவானது நன்றாகக் கவ்வும், சீக்கிரம் தேய்ந்துவிடும். மெதுவானதையே வாங்கினார், அதுவும் மூன்று ஜோடி. வீதிப் பெண்களும் சும்மா இருந்தார்களா? பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஃபோனில் தேடித் தேடி, துளை போட்ட டிஸ்க் நல்லதா, வழவழ டிஸ்க் நல்லதா என்று பூக்காரம்மா வரைக்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தார்கள்.

காலிப்பரை அச்சோடு பொருத்துகிற பிராக்கெட்டை மட்டும் கடையில் வாங்கமுடியாது. கனத்த இரும்புத் தகட்டில் அதை அவரே அறுத்தார். முதலாவது ஒரு மயிரிழை சாய்வு, தூக்கிப் போட்டார். ரெண்டாவதில் ஓட்டை ஒரு நூல் தள்ளியிருந்தது, அதையும் போட்டார். மூன்றாவது எல்லோர் கண்ணுக்கும் சரியாகத்தான் இருந்தது, அவர் கண்ணுக்கு இல்லை. ஒரு சாமானும் சோடை போகக்கூடாது, ஒன்று சோடை போனால் அவள் போய்விடுவாள் என்கிற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. இப்படியே ஒரு மாசம் ஓடியது.

ஒரு நாள் மத்தியானம் கையெல்லாம் கிரீஸோடு சோறு தின்ன வந்தவரை சாந்தாமணி கட்டிலில் உட்காரச் சொன்னாள். வெளியே ஜோதிமணி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இன்னிக்கு என்ன கெழமைங்?"

"தெரியல சாந்தா. ஏன்?"

"நாப்பது நிமிசம் நான் நல்லா இருக்கறேன். அப்போ நீங்க லேத்துல இருக்கறீங்க. பத்து நிமிசம் நான் சாவறேன். அப்போ ஊட்ல இருந்தாலும் நீங்க டிரம்முக்கு விசிறிட்டிருக்கறீங்க. என்னைய யாருதானுங் பாக்கறது?"

"உனக்காகத்தானே சாந்தா அலையறேன்?"

"அது தெரியுமுங்" என்றாள். தெரியும் என்று சொன்னவளின் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. மிதி அழுத்தியிருக்கும் நேரத்தில் அந்த வீதியில் கண்ணீர் கூட நின்ற இடத்தில்தான் நிற்கும். அவர் அதைத் துடைத்துவிட்டு, அந்தச் சாயங்காலமே திரும்பவும் பட்டறைக்குப் போனார். பாவி மனுஷன், போகாமல் இருந்திருக்கலாம்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு சாமான் எல்லாம் தயாராகி, வாசலில் பாய் விரித்து வரிசையாக வைக்கப்பட்டது. டிஸ்க் இரண்டு, காலிப்பர் இரண்டு, பிராக்கெட் இரண்டு, ஹோஸ், பேடு, மாஸ்டர் சிலிண்டர், வாஷர் வரைக்கும் எண்ணி வைத்திருந்தார். சீர்வரிசை பார்க்கிற மாதிரி வீதியே வந்து பார்த்தது. ஸ்டீபன் ஜாக்கியை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணா, மாத்தறதுன்னா இந்தப் பிரேக்கை அவுக்கணுமுங்களே."

"ஆமா."

"அவுத்துட்டா, மாட்டி முடிக்கற வரைக்கும் பிடிக்கறதுக்கு பிரேக்கே இருக்காதுங்களே."

முப்பத்தெட்டு நாள் சாமான் தேடிய மனுஷனுக்கோ, அவர் பின்னாலேயே நின்ற வீதிக்கோ, இது மட்டும் தோன்றவேயில்லை. ஸ்டீபன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, எவ்வளவு விரட்டினாலும் நாலு மணி நேரம் என்றான். நாச்சிமுத்து அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் சாந்தாமணிதான் கணக்குச் சொன்னாள். "டாக்டரு பத்து நாளுன்னு சொன்னாரு. பத்துப் பத்து நிமிசமா எட்டு நாளு போயிருச்சு. இன்னும் ரெண்டு நாளு கெடக்குது, நாலு மணி நேரம் தாங்கமாட்டனா? மாட்டு ஸ்டீபா."

"வலிக்குமேக்கா."

"வலிக்கட்டும். கடைசியா என்ன வேலை?"

"எல்லாம் மாட்டுனப்புறம் புது ஆயிலை ஊத்தி, லைன்ல நிக்கற காத்தை எடுக்கணுமுங்க்கா. ஒருத்தர் உள்ளார உக்காந்து மிதிக்கணும், நான் கீழ நட்டைத் திருகிக் காத்தை வெளிய விடணும். காத்து நின்னா பிரேக்கு பிடிக்காதுங்."

பிரேக் வேலை தெரிந்த எல்லோரும் சொல்கிற சொல்தான். ஸ்டீபன் வாழ்க்கையில் ஆயிரம் வண்டிக்குக் காத்து எடுத்திருப்பான். சாந்தாமணி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதுக்கு ஜோதி ஏறட்டும். மாமா இங்கயே என்றகூட இருக்கட்டும்" என்றாள்.

ஏழேகாலுக்கு ஜோதிமணி மிதியிலிருந்து காலை எடுத்தாள். அதற்குப் பிறகு நாச்சிமுத்து எங்கும் போகவில்லை. பிடிக்க பிரேக் இல்லை, விசிற டிரம் இல்லை, தேடச் சாமான் இல்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வலி வந்தது, ஐயோ, நாற்பத்தொரு நாள் வலியும் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தது. அது கொஞ்சம் தணிகிற நேரத்தில் அவள் பேசினாள். மருதமலைக்குப் போன நாளைப் பற்றி, பிறக்காமலே போன பிள்ளைக்கு அவர்கள் தேர்ந்து வைத்திருந்த பேரைப் பற்றி, லைசென்ஸ் டெஸ்டைப் பற்றி.

"நெசமாவே எதுக்கு என்னைய ஃபெயிலாக்கச் சொன்னே?"

"பாஸாயிட்டா நீங்க பாட்டுக்குத் தனியாப் போயிருவீங்களே. இடதுபக்கம் நான் எதுக்குங் அப்புறம்?"

அவர் விசும்பி விசும்பி அழுதார். அவளும் அழுதாள், இந்தமுறை கண்ணீர் நிற்கவில்லை, வழிந்து அவர் வேட்டியை நனைத்தது. வீதியில் மொட்டுகள் விரிய ஆரம்பித்திருந்தன. மூன்றாம் நம்பர் வீட்டு வாழைத்தார் மஞ்சள் காட்டியது.

பதினோரு மணிக்கு வெளியே ஸ்டீபனின் குரல் கேட்டது. "ஏறுங்க்கா. மிதிங்க... பிடிங்க... விடுங்க."

சாந்தாமணி மூச்சை உள்ளே இழுத்தாள், நிறுத்தினாள், விட்டாள்.

"மிதிங்க... பிடிங்க... விடுங்க."

மறுபடி இழுத்தாள், நிறுத்தினாள், விட்டாள். நாச்சிமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. வெளியே காலிப்பரில் மாட்டிய குழாய் வழியாக பாட்டில் ஆயிலுக்குள் குமிழ் குமிழாகக் காற்று வந்தது, உள்ளே அவள் நெஞ்சு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. புரிந்ததும் எழுந்து ஜன்னலைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தார். அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். போகாதீர்கள் என்பதற்கும் அதே தலையாட்டல்தான்.

"இன்னும் ஒரு வாட்டிங்க்கா. மிதிங்க... பிடிங்க..."

அந்தப் பிடியில் ஒரு குமிழ் பெரிதாக வந்தது, உள்ளே அவள் கைப்பிடி தளர்ந்தது.

"விடுங்க. அவ்வளவுதான்! காத்தே இல்லை!" என்று ஸ்டீபன் துள்ளி எழுந்தான். "அண்ணா, வந்து பாருங்ணா, மிதி கல்லாட்டம் நிக்குது!"

அவள் தெரிந்துதான் ஜோதியை ஏறச் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று வீதியில் இன்றைக்கும் பேச்சு உண்டு. நாச்சிமுத்து அப்போது அதையெல்லாம் யோசிக்கவில்லை. செருப்பில்லாமல் ஓடிவந்து, ஜோதிமணியைத் தள்ளாத குறையாக இறக்கிவிட்டு, ஏறி உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினார். வாழைத்தார் பாதி மஞ்சளில் நின்றது. காற்றில் உதிர்ந்துகொண்டிருந்த புங்க இலை நின்றது. வீதி முழுக்க அத்தனையும் நின்றது, அப்படி ஒரு பிரேக்.

"போயிப் பாரு ஜோதி. எந்திரிச்சுட்டாளா பாரு."

ஜோதிமணி உள்ளே போனாள். திரும்பி வர வெகுநேரமானது.

"கை சூடா இருக்குதுங்ணா" என்றாள். "அவ்வளவுதானுங்ணா."

அவர் காலை எடுக்கவில்லை. பன்னிரண்டு மணியானது, ஒரு மணியானது. சொந்தபந்தம் வந்து வீதி முனையில் நின்றது. மிதியைப் பிடித்திருக்கும்வரை உடம்பு ஆறாது, விறைக்காது, அழக்கூட வராது, ஆக வேண்டியது எதையும் ஆரம்பிக்க முடியாது. எடுங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. பழைய டிரம்மாக இருந்தால் நாற்பது நிமிஷத்தில் அதுவே சோர்ந்து விட்டிருக்கும், யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. ஸ்டீபன் குனிந்து டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தான். ரெண்டு மணி நேரம் கழித்தும் அது சில்லென்று இருந்தது.

"சூடே ஏறலீங்ணா" என்று சொல்லி, தான் பார்த்த வேலையிலேயே அதுதான் அப்பழுக்கில்லாத வேலை என்று தெரிந்து, சக்கரத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

மூன்று மணி சுமாருக்கு ஜோதிமணி இடதுபக்கக் கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, இரண்டாவது மிதியை அழுத்தினாள்.

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க போயி அக்கா கைய பிடிச்சுக்கங்ணா."

நாச்சிமுத்துவால் நிற்க முடியவில்லை. கதவையும் சுவரையும் பிடித்துப் பிடித்து உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்து அவள் கையை எடுத்தார், சூடாக இருந்தது, காய்ச்சல்கூட இல்லாத நல்ல சூடு, எழுப்பினால் எழுந்துவிடுவாள் என்று நம்பவைக்கிற சூடு.

"ஒரு மாசமா கடை கடையா நின்னுட்டனே சாந்தா" என்றார். "மூணாவது பிராக்கெட்டே போதுமுன்னு எல்லாருமே சொன்னாங்க. நாந்தான் கேக்கல. அந்த நாளையெல்லாம் உன்ற பக்கத்துல உக்காந்திருக்கலாம். உக்காரலையே."

இன்னும் என்னென்னவோ சொன்னார். ஜோதிமணிக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது, ஆனால் அவள் குரல் கொடுக்கவில்லை. நாலரை மணிக்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஜோதி."

"சொல்லுங்ணா."

"விட்டுரு அம்மிணி."

"நெசமாவாங்ணா?"

"விட்டுரு."

மிதி மேலே வந்து முட்டுகிற சத்தம் கேட்டது. புங்க இலை உதிர்ந்தது. அவர் கையை விடவில்லை. முதலில் விரல் நுனிகள் ஆறின, பிறகு விரல்கள், பிறகு புறங்கை. உள்ளங்கையில் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது, அது அவர் கைச்சூடா அவள் கைச்சூடா என்று கடைசியில் அவருக்கே தெரியவில்லை. அதுவும் போன பிறகு, கையை எடுத்து அவள் வயிற்றின்மேல் வைத்துவிட்டு, எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார்.

ஜோதிமணி படியேறிக்கொண்டிருந்தாள், அவள் பின்னால் வீதியே நின்றது. சாவு வீட்டுக்கு வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. நாச்சிமுத்து எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒருவரையும் வாங்க என்று சொல்லாமல் கதவோரம் ஒதுங்கி வழிவிட்டார்.